அச்சேறாத ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பது எப்படி

என் வீட்டு இரும்பு பீரோவின் அடித்தட்டில் கறுப்பு ரெக்சின் அட்டையும் பொன்னெழுத்துமாக ஒரு தீசிஸ் கிடக்கிறது. மயக்கவியல் முதுநிலைப் படிப்பில் நான் எழுதியது. ஆபரேஷனுக்காக மூச்சுக்குழாயில் டியூப் இறக்கியவர்களுக்கு விழித்ததும் தொண்டை வலிக்கும். அந்த வலியை ஒரு மருந்து குறைக்குமா என்று பார்த்தேன். ஒவ்வொருவரையும் ஒரு மணி நேரம் கழித்து, ஆறு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என்று மூன்று தடவை போய்ப் பார்த்து, "எச்சில் முழுங்கும்போது வலிக்குதாம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கடைசியில் கணக்குப் போட்டால் மருந்து வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

கைடிடம் கொண்டுபோனேன். "தீசிஸுக்கு இது போதும்மா. ஜர்னலுக்கெல்லாம் அனுப்பி நேரத்தை வீணாக்காதே. நெகட்டிவ் ரிசல்ட்டை யார் போடுவா?" என்றார். நானும் அனுப்பவில்லை. அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். பொய்க் கணக்கு எழுதவில்லை, யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் அந்த மருந்தைப் பற்றி இன்றைக்கு ஒருவர் தேடினால், வலியோடு எனக்குப் பதில் சொன்ன அத்தனை பேரும் அவர் கண்ணில் படமாட்டார்கள்.

இதைத்தான் வெளியீட்டுச் சார்பு என்கிறார்கள். நல்ல முடிவு வந்த ஆய்வு அச்சேறும், வராத ஆய்வு அலமாரியில் தங்கிவிடும். 1979-ல் ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளர் இதற்கு 'மேசை இழுப்பறைச் சிக்கல்' என்று பெயர் வைத்தார். பயனே இல்லாத ஒரு மருந்தை நாற்பது இடங்களில் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலாகவே ஓரிடத்தில் அது நல்லது செய்ததுபோலவும் இன்னோரிடத்தில் கெடுதல் செய்ததுபோலவும் பி வேல்யூ (மருந்துக்குப் பயனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர உள்ள வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்து நிற்கலாம். மற்ற முப்பத்தெட்டும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும். அந்த நல்ல ஒன்று மட்டும் அச்சாகி, மற்றவை பீரோவுக்குள் போய்விட்டால், படிக்கிறவருக்கு அது அருமருந்தாகத்தான் தெரியும். கட்டுரையில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது.

ஒரு தொண்டை வலி மருந்தால் யாரும் சாகப்போவதில்லை. லோர்கைனைடு கதை அப்படி இல்லை. மாரடைப்பு வந்தவர்களின் இதயத்துடிப்புத் தாறுமாறாகாமல் இருக்க அந்த மருந்தை 1980-ல் நூறு பேருக்கும் குறைவான நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து வாங்கியவர்களில் 9 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை வாங்கியவர்களில் இறந்தது 1 ஆள். தற்செயல் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். வியாபாரக் காரணங்களுக்காக அந்த மருந்தையே கைவிட்டதால் கட்டுரையும் எழுதப்படவில்லை. அதே வகையைச் சேர்ந்த என்கைனைடும் ஃப்ளெக்கைனைடும் புழக்கத்துக்கு வந்து, மாரடைப்பு வந்தவர்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. அவற்றை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 'காஸ்ட்' என்ற பெரிய சோதனை, மருந்து வாங்கியவர்கள் அதிகமாக இறக்கிறார்கள் என்று தெரிந்து 1989-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. லோர்கைனைடு ஆய்வு அச்சில் வந்தது 1993-ல். முன்பே வந்திருந்தால் வரப்போகும் ஆபத்துக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று அந்த ஆய்வாளர்களே அதில் எழுதினார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்த பதிமூன்று வருஷத்தில் வந்து நிற்பேன். மேலே பேச முடியாது.

நான் இப்போது முதுநிலை மாணவர்களுக்கு ஜர்னல் கிளப், அதாவது ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக் கூடிப் பேசும் வகுப்பு, நடத்துகிறேன். அவர்களுக்குச் சொல்லித்தரும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. இணையமும் ஒரு கோடு போட்ட நோட்டும் போதும். மருத்துவப் பத்திரிகையாளர், நர்ஸ், மருந்தாளுநர், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு 'ஆய்வில் நிரூபணம்' என்ற செய்தியைப் பார்த்துக் குழம்பி நிற்கிறவர், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

முதலில் பதிவு எண்ணைப் பிடியுங்கள்

ஒரு மருந்துச் சோதனைக் கட்டுரை கையில் கிடைத்தால் முடிவுரைக்கு ஓடாதீர்கள். சுருக்கத்தின் கடைசி வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பதிவு எண் இருக்கும். அமெரிக்கப் பதிவேடான கிளினிக்கல் ட்ரையல்ஸ் டாட் கவ் என்றால் என்.சி.டி. என்ற மூன்று எழுத்தும் எட்டு இலக்கமும். மற்றப் பதிவேடுகளுக்கு வேறு முன்னெழுத்துகள். நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே, என்ன செய்யப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேரிடம் அளக்கப்போகிறோம் என்று ஆய்வாளர் பொதுவில் எழுதிவைக்கும் இடம் அது.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. சினைப்பை புற்றுநோய்க்கு ஒரே மருந்தா, கூட்டு மருந்தா என்று பார்த்த சோதனைகளை எடுத்துக்கொண்டு, அச்சானவற்றை மட்டும் கூட்டினால் கூட்டு மருந்து ஜெயிக்கிறது, முன்கூட்டியே பதிவானவற்றைக் கூட்டினால் அந்த ஜெயிப்பு உறுதியாக நிற்கவில்லை என்று ஜான் சைம்ஸ் என்ற ஆய்வாளர் 1986-லேயே காட்டி, எல்லாச் சோதனைகளையும் பதிவு செய்யுங்கள் என்றார். கிளினிக்கல் ட்ரையல்ஸ் டாட் கவ் திறக்க 2000 வரை ஆனது. பதிவில்லாத சோதனையை அச்சிடமாட்டோம் என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு 2004-ல் அறிவித்து 2005-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே அதற்குப் பிறகு தொடங்கிய சோதனையில் பதிவு எண்ணே இல்லை என்றால் நான் அந்தக் கட்டுரையைப் பாதி நம்பிக்கையோடுதான் தொடுவேன்.

எண் கிடைத்ததும் பதிவேட்டில் போட்டுத் திறந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பதிவு செய்த தேதி, நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய தேதி, திட்டமிட்ட சாம்பிள் சைஸ், முதன்மை விளைவு. பதிவு செய்த தேதி பிந்தியிருந்தால், ஓட்டம் முடிந்தபிறகு எல்லைக்கோடு போட்டதாக இருக்கலாம். முதன்மை விளைவு என்பது இந்த மருந்து வேலை செய்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஆய்வாளர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த அளவுகோல், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அது இங்கேயும் கட்டுரையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஒளிந்திருப்பவை முழு ஆய்வுகள் மட்டும் அல்ல. ஆய்வு அச்சேறிவிடும், அதன் தோற்றுப்போன பாகம் மட்டும் அச்சேறாது. ஒருநாள் ஜர்னல் கிளப்பில் ஒரு மாணவர், ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியைக் குறைக்கும் ஒரு ஊசி மருந்தைப் பற்றிய கட்டுரையை எடுத்துப் பேசினார். இருபத்துநாலு மணி நேரத்தில் வலி குறைந்தது என்று முடிவு. "பதிவேட்டைத் திறந்தீங்களா தம்பி?" என்றேன். இல்லை என்றார். அங்கேயே திரையில் திறந்தோம். முதன்மை விளைவு 'இரண்டு மணி நேரத்தில் வலி' என்று இருந்தது. மேலே 'ரெக்கார்டு ஹிஸ்டரி' என்று ஒரு டேப் உண்டு. பலர் அதை அமுக்கவே மாட்டார்கள். அதில் அந்தப் பதிவு எந்தெந்தத் தேதியில் எப்படி எப்படி மாறியது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். இரண்டு பதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால் மாறிய இடங்களை அடையாளம் போட்டுக் காட்டும். எல்லாப் பதிப்பிலும் இரண்டு மணி நேரம்தான். கட்டுரைக்குத் திரும்பிப் போய்த் தேடினோம். நாலாவது அட்டவணையின் அடியில், சின்ன எழுத்தில், இரண்டு மணி நேர அளவு இருந்தது. வித்தியாசம் இல்லை. அந்த மாணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேடம், நான் நேத்து டியூட்டியில மூணு பேருக்கு இதைப் போட்டேன்" என்றார்.

இது அபூர்வமான சம்பவம் என்று நினைத்துவிடாதீர்கள். பதின்ம வயதினரின் மனச்சோர்வுக்குப் பரோக்செட்டின் கொடுத்துப் பார்த்த 'ஸ்டடி 329' என்ற ஆய்வு 2001-ல் வெளியானது. மருந்து பயன் தருகிறது, பாதுகாப்பானது என்ற தொனியில் இருந்தது. திட்ட வரைவில் எழுதியிருந்த முதன்மை விளைவுகள் இரண்டு. இரண்டிலும் வெற்று மாத்திரையை மருந்து மிஞ்சவில்லை. பின்னால் சேர்த்துக்கொண்ட வேறு அளவுகோல்களில் கிடைத்த வித்தியாசத்தைத்தான் முன்னே நிறுத்தியிருந்தார்கள். அசல் தரவுகளை வாங்கி வேறொரு குழு மறுபடியும் கணக்கிட்டு 2015-ல் வெளியிட்டபோது, பயன் இல்லை, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட கெடுதல்கள் கூடுதல் என்று தெரிந்தது. அது இளம் பிள்ளைகளின் மருந்து. அதனாலேயே இந்தக் கதை எனக்கு ஆறவில்லை.

பிரிட்டிஷ் மருத்துவர் பென் கோல்ட்ஏக்கரின் குழு ஐந்து பெரிய இதழ்களில் வந்த 67 சோதனைகளை இதே முறையில், முன்பு சொன்னதையும் பின்பு எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சொன்னதைச் சொன்னபடி முழுக்க எழுதியிருந்தவை 9. நீங்களும் இந்த ஒப்பிடலைச் செய்து பாருங்கள். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகும். பத்துக் கட்டுரை பார்த்த கைக்குப் பத்து நிமிஷம் போதும்.

கட்டுரையை விட்டுவிட்டு மருந்தைத் தேடுங்கள்

மேலே சொன்னது கையில் உள்ள கட்டுரையைச் சரிபார்க்க. வராத கட்டுரையைப் பிடிக்க வேண்டுமானால் திசையை மாற்ற வேண்டும். கட்டுரையிலிருந்து பதிவேட்டுக்குப் போகாமல், பதிவேட்டிலிருந்து கட்டுரைக்கு வர வேண்டும்.

பதிவேட்டில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் போடுங்கள். மருந்தின் வேதிப்பெயரைப் போடுவது முக்கியம், ஒரே மருந்து பல வணிகப் பெயரில் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.ஆர்.பி. என்ற தேடுதளத்திலும் ஒருமுறை போடுங்கள். பல நாடுகளின் பதிவேடுகளை அது ஒரே இடத்தில் தேடித் தரும். வரும் பட்டியலில் 'கம்ப்ளீட்டட்' என்று இருப்பவற்றை எடுத்து நோட்டில் நான்கு பத்தியாக எழுதுங்கள்: பதிவு எண், முடிந்த தேதி, எத்தனை பேர், கட்டுரை வந்ததா. 'டெர்மினேட்டட்' என்று இருப்பதையும் விடாதீர்கள். ஏன் பாதியில் நிறுத்தினார்கள் என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். 'அன்னோன்' என்றால் முடிய வேண்டிய தேதி தாண்டியும், இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கத்தை யாரும் சரிபார்க்கவில்லை என்று பொருள்.

நாலாவது பத்தியை நிரப்ப, ஒவ்வொரு பதிவு எண்ணையும், மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தின் தேடல் பெட்டியில் அப்படியே ஒட்டுங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்ட கட்டுரைகள் வரும். வரவில்லை என்றால் தலைமை ஆய்வாளரின் பெயரையும் மருந்தின் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், எண்ணைக் குறிப்பிட மறந்தவர்களும் உண்டு. பதிவேட்டிலேயே 'ரிசல்ட்ஸ்' பகுதியில் எண்களை ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதழில் வராவிட்டாலும் அங்கே இருக்கலாம். சோதனை முடிந்து இரண்டு வருஷமாவது ஆகாத ஆய்வை 'வரவில்லை' என்று எழுதாதீர்கள், அது ஆய்வாளருக்கு அநியாயம்.

பிறகு கடைசியில் ஆய்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், மனிதர்களைக் கூட்டுங்கள். மொத்தம் எத்தனை பேரிடம் இந்த மருந்து சோதிக்கப்பட்டது, அதில் எத்தனை பேரின் கதை வெளியே வந்தது. ஜெர்மனியில் மருந்துகளை மதிப்பிடும் இக்விக் நிறுவனத்தார் ரெபாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு இப்படிக் கணக்குப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். சோதனையில் சேர்ந்த நோயாளிகளில் 74 சதவீதம் பேரின் தரவு அச்சில் வரவே இல்லை. அதையும் சேர்த்துப் பார்த்தபோது மருந்து வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

எரிக் டர்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் செய்த வேலை இன்னும் விரிவானது. புதிய மருந்தை விற்க அனுமதி கேட்கும் நிறுவனம், அந்தப் பயன்பாட்டுக்காகச் செய்த சோதனைகளை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் கொடுத்தாக வேண்டும். அங்கே 12 மனச்சோர்வு மருந்துகளுக்கு 74 சோதனைகள் இருந்தன. அவற்றை அவர் ஒவ்வொன்றாக இதழ்களில் தேடினார். எஃப்.டி.ஏ. 'பயன் உண்டு' என்று கண்ட 38-ல் 37 அச்சாகியிருந்தன. பயன் இல்லை அல்லது சந்தேகம் என்று கண்ட 36-ல் 22 வெளிவரவே இல்லை, 11 நல்ல முடிவு வந்ததுபோல எழுதப்பட்டிருந்தன, உள்ளது உள்ளபடி வந்தவை 3. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு நூற்றுக்கு 94 சோதனை வெற்றி. எஃப்.டி.ஏ. கோப்பில் 51. இது 2008-ல் வந்தது. நான் அதைப் படித்த அன்று, அதுவரை படித்த பாடப்புத்தகங்களின் எத்தனை பக்கங்கள் இப்படிப்பட்ட இதழ்களிலிருந்து வந்தவை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொகுப்பாய்வில் புனலைப் பாருங்கள்

பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிச் செய்யும் மெட்டா அனாலிசிஸுக்கு மரியாதை அதிகம். மரியாதை சரிதான். ஆனால் அச்சான ஆய்வுகளை மட்டும் கூட்டினால், கிடைப்பது அச்சான சார்பின் கூட்டுத்தொகை. ஆகவே அங்கே இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, எங்கெங்கே தேடினார்கள் என்ற பகுதி. பதிவேடுகளைத் தேடினார்களா, ஆய்வாளர்களுக்கு எழுதி அச்சேறாத தரவு கேட்டார்களா என்று அங்கே இருக்க வேண்டும். இரண்டாவது, புனல் வரைபடம்.

புனலைப் படிப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆய்வு. பெரிய ஆய்வுகள் மேலே, சின்னவை கீழே. பெரியவை உண்மைக்கு அருகில் நெருக்கமாக நிற்கும். சின்னவை தற்செயலின் காற்றில் இடதும் வலதுமாகச் சிதறும். ஆகவே மொத்தமும் கவிழ்த்த புனல் மாதிரி, இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். கீழே ஒரு பக்க மூலை மட்டும், அதுவும் 'மருந்து பயன் இல்லை' என்ற பக்க மூலை, காலியாக இருந்தால் அங்கே இருக்க வேண்டிய சின்ன ஆய்வுகள் எங்கே போயின என்று கேளுங்கள். என் தீசிஸ் நிற்க வேண்டிய இடம் அந்த மூலைதான்.

மாரடைப்புக்கு மக்னீசியம் ஊசி போடும் யோசனை இதற்கு நல்ல பாடம். சின்னச் சின்னச் சோதனைகளைக் கூட்டிப் பார்த்து, 1990-களின் தொடக்கத்தில் இறப்பைப் பெரிய அளவில் குறைக்கிறது, விலையும் குறைவு என்று கொண்டாடினார்கள். 1995-ல் 58,050 பேரைச் சேர்த்து நடந்த ஐசிஸ்-4 சோதனை வெளியானது. பயன் எதுவும் இல்லை. மாத்தியாஸ் எக்கரும் கூட்டாளிகளும் 1997-ல் அந்தச் சின்ன ஆய்வுகளைப் புனலில் போட்டுக் காட்டியபோது ஒரு பக்க மூலை அப்பட்டமாகக் காலி.

ஆனால் எச்சரிக்கை. பத்து ஆய்வுக்குக் குறைவாக இருந்தால் புனலைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். கோணலாக இருப்பதெல்லாம் மறைத்ததால் வந்ததும் அல்ல. சின்ன ஆய்வுகளில் நோய் முற்றியவர்களாகச் சேர்த்திருக்கலாம், அவர்களுக்கு மருந்து உண்மையிலேயே அதிகம் கேட்டிருக்கலாம். தரம் குறைந்த சின்ன ஆய்வுகள் தாமாகவே பெரிய பயனைக் காட்டும். புனல் கேள்வி கேட்கத் தூண்டும், அவ்வளவுதான்.

இதழுக்கு வெளியே உள்ள கோப்புகள்

பொறுமை இருப்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. எஃப்.டி.ஏ.வின் மருந்து அனுமதிப் பக்கத்தில் மருந்தின் பெயரைப் போட்டால் அதன் மதிப்பாய்வுக் கோப்புகள் கிடைக்கும். அதில் 'ஸ்டாட்டிஸ்டிக்கல் ரிவ்யூ' என்பதை எடுங்கள். தோற்றுப்போன சோதனைகளும் அதில் எண்ணோடு இருக்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2016 முதல் சில மருந்துகளின் முழுச் சோதனை அறிக்கைகளையே பொதுவில் வைக்கத் தொடங்கியது.

அந்த வாசல் திறந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. டாமிஃப்ளூ என்ற மருந்து ஃப்ளூ காய்ச்சலின் சிக்கல்களைக் குறைக்கும் என்று நம்பி அரசுகள் கிடங்கு கிடங்காக வாங்கிவைத்தன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவின் மதிப்பாய்வும் அதையே சொல்லியிருந்தது. கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் அந்தக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: நீங்கள் ஆதாரமாக எடுத்த கட்டுரை பத்துச் சோதனைகளைக் கூட்டியது, அதில் முழுமையாக இதழில் வந்தவை இரண்டுதான், மற்ற எட்டை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருக்கவில்லை. குழு கேட்கத் தொடங்கியது. மருந்தைத் தயாரித்த ரோஷ் நிறுவனத்திடமிருந்து முழு அறிக்கைகள் கைக்கு வர 2013 ஆகிவிட்டது. 2014-ல் வந்த முடிவில், பெரியவர்களுக்கு அறிகுறிகள் தணிய 7 நாளுக்குப் பதில் 6.3 நாள் ஆகிறது, ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை, குமட்டலும் வாந்தியும் கூடுதல் என்று இருந்தது. ஒரு மருத்துவர் கவனமாகப் படித்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வியில் தொடங்கியது இத்தனையும். கேள்வி கேட்க நமக்குத் தகுதி உண்டா என்று தயங்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது ஹயாஷியின் பெயரைத்தான்.

கையில் மாத்திரை இருப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு யாரும் இன்று இரவு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டர்னரின் கணக்கிலேயே, எஃப்.டி.ஏ. தரவை முழுக்கச் சேர்த்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு மருந்தும் வெற்று மாத்திரையைவிட மேலாகத்தான் இருந்தது. இதழ்கள் காட்டிய அளவுக்கு மேலாக இல்லை, அதுதான் வித்தியாசம். மனச்சோர்வு மருந்துகளையும் இதய மருந்துகளையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சார்பு இருக்கிறது என்பதற்கு மருந்து போலி என்று அர்த்தமில்லை. பயன் சொன்னதைவிடக் குறைவாகவும், கெடுதல் சொன்னதைவிட அதிகமாகவும் இருக்க வாய்ப்புண்டு என்றுதான் அர்த்தம்.

டாக்டரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்த மருந்து என்னைப் போல நூறு பேர் சாப்பிட்டா எத்தனை பேருக்குக் கேட்கும், சாப்பிடாமலே எத்தனை பேருக்குச் சரியாகும்? முடிஞ்ச சோதனையெல்லாம் வெளியே வந்திருக்கா?" உங்கள் நோட்டுப் பக்கத்தையும் கொண்டுபோங்கள். எரிச்சல்படுகிறவர்களும் உண்டு. ஆனால் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்கும் டாக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படி ஒரு பக்கத்தை ஒரு நோயாளியின் மகளிடமிருந்து வாங்கிப் படித்திருக்கிறேன்.

பதிவு செய்வதெல்லாம் சம்பிரதாயம், அதனால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்தக் கழகம் பணம் கொடுத்து நடத்திய பெரிய சோதனைகளில், 2000-க்கு முன் வெளிவந்த 30-ல் 17 மருந்துக்குச் சாதகம். 2000-க்குப் பின் 25-ல் 2. முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்று வந்தது இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று இதைக் கணக்கெடுத்தவர்கள் கருதினார்கள்.

உங்கள் பீரோவில் இருப்பது

இது ஆய்வு செய்தவர்களுக்கு மட்டும். இதழ்கள் போடமாட்டார்கள் என்ற என் கைடின் பேச்சைத்தான் பலரும் நம்புகிறோம். வெளிவராத ஆய்வுகளைத் துருவிப் பார்த்தவர்கள் கண்டது வேறு: பெரும்பாலானவை எந்த இதழுக்கும் அனுப்பப்படவே இல்லை. எழுதியவரே எழுதாமல் விட்டது. மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறி ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013 பதிப்பு, எதிர்மறை முடிவுகளையும் எந்தப் பக்கமும் சாயாத முடிவுகளையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இதழ் கிடைக்காவிட்டால் பதிவேட்டில் எண்களை ஏற்றுங்கள், இதழில் வருமுன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் போடுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதமும் திட்ட வரைவும் கூடவே இருக்கட்டும். நோயாளிகளின் பெயர், ஆஸ்பத்திரி எண் எல்லாவற்றையும் முதலில் நீக்கிவிடுங்கள்.

நான்கு மாதத்துக்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தொண்டை வலி மருந்துகளைப் பற்றி மதிப்பாய்வு செய்யும் குழு ஒன்று, பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் என் தீசிஸின் தலைப்பைப் பார்த்திருக்கிறது. "உங்கள் தரவு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஃபைல் எப்போதோ போய்விட்டது. ஆனால் தீசிஸின் கடைசியில் மாஸ்டர் சார்ட் இருக்கும் அல்லவா, மடித்து மடித்து ஒட்டிய நீளமான தாள், ஒரு வரிக்கு ஒரு நோயாளி? அது அப்படியே இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் எழுத்து தேய்ந்திருந்தது.

அன்று ஊசி மருந்துக் கட்டுரை பேசிய அதே மாணவர், "நான் படிக்கிறேன், நீங்க டைப் பண்ணுங்க மேடம்" என்று வந்து உட்கார்ந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. வயது, எடை, டியூப் அளவு, ஒரு மணி, ஆறு மணி, மறுநாள். தேய்ந்த எண்களை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். தெரியாத இரண்டை ஊகிக்காமல் காலியாக விட்டு, காலி என்று குறித்தோம். எல்லாம் முடிந்து இணைப்பில் வைத்து அனுப்பியபோது இரவு பத்தரை. மறுநாள் பதில் வந்திருந்தது: பன்னிரண்டாம் வரிசையில் மறுநாள் காலை வலி 2 என்று இருக்கிறது, ஆறு மணியில் 0. இது சரிதானா? பீரோவைத் திறந்து தாளை மறுபடியும் விரித்தேன். சரிதான்.